வீட்டுல லேத் பட்டறை: எங்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்கற கேள்விங்க

காட்பாடியில எங்க வூட்டுக்குப் பின்னாடி பத்துக்குப் பதினாலு அடியில ஷீட் போட்ட ஒரு ஷெட் இருக்கு. உள்ள ஒரு பழைய நாலரை அடி லேத்து (இரும்பு ராடை சுத்த விட்டு டூலால கடையற மெஷின்), ஒரு டிரில்லிங் மெஷின், பெஞ்ச் கிரைண்டர், வைஸ் (பொருளை இறுக்கிப் புடிக்கற இடுக்கி), அவ்ளோதான். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் டர்னரா (லேத் ஓட்டறவனா) பல வருஷம் வேலை பாத்தவன் நான், இப்ப எனக்குப் புடிச்சதை மட்டும் கடைஞ்சிக்கிட்டு இருக்கேன். ஐ.டி.ஐ பசங்க, இன்ஜினியரிங் படிக்கற பசங்க, ரிட்டயர் ஆனவங்கன்னு நிறைய பேர் வந்து பாக்கறாங்க, ஆனா ஆள் மாறினாலும் கேள்வி மாறறதே இல்ல, அதனால அவங்க கேட்ட மாதிரியே எழுதி பதிலையும் போட்டுட்டேன்.

அண்ணா, லேத் வாங்கறதுக்கு முன்னாடி இன்னா வாங்கணும்?

நல்ல வைஸ் ஒண்ணு, அரம் மூணு (ஒரு முரட்டு அரம், ஒரு ஸ்மூத், ஒரு முக்கோண அரம்), ஹாக்ஸா (இரும்பு அறுக்கற ரம்பம்), ட்ரை ஸ்கொயர் (மூலைமட்டம்), 0.02 எம்எம் வரைக்கும் பாக்கற வெர்னியர் அளவுகோல், 0 முதல் 25 எம்எம் வரைக்கும் அளக்கற மைக்ரோமீட்டர். மைக்ரோமீட்டர் மட்டும் மலிவா வாங்காதீங்க, பழசா இருந்தாலும் நல்ல கம்பெனிதா பாத்து வாங்குங்க.

அப்புறம் ஒரு எம்.எஸ் (மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு) தகடு, 50க்கு 50, பத்து எம்எம் கனம். அதை நாலு பக்கமும் ராவி (அரத்தால தேய்ச்சி) சதுரமாக்குங்க. ஒரு பக்கத்தை ராவிட்டு ட்ரை ஸ்கொயரை வச்சி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாத்தா நடுவுல முடி அளவுக்கு வெளிச்சம் தெரியும், இல்ல ரெண்டு ஓரத்துலயும் தெரியும். ஓரத்துல தெரிஞ்சா நடு மேடா இருக்கு, அதாவது அரம் ஊஞ்சல் மாதிரி ஆடியிருக்குன்னு அர்த்தம். அந்த வெளிச்சம் காணாமப் போற வரைக்கும் ராவணும். எனக்கு மொத தடவை பதினோரு நாள் ஆச்சி. இதை முடிக்காம லேத் வாங்கினவங்க நிறைய பேர் ஒரு வருஷத்துல அதை வித்துட்டாங்க, ஏன்னா மெஷின் உலோகத்தை வெட்டும், ஆனா எங்க நிறுத்தணும்னு தெரிய வேண்டியது நம்ம கைக்கும் கண்ணுக்கும்தான்.

எவ்ளோ இடம் வேணும்? மொட்டை மாடியில வச்சிக்கலாமா?

பத்துக்குப் பத்து இருந்தாலே ஒரு சின்ன லேத்து, பெஞ்ச், டிரில்லிங் மெஷின் வைக்கலாம். லேத்துக்குப் பின்னாடி துடைக்க, குனிய, கை போகிற அளவுக்கு இடம் விடுங்க, சுவத்தோட ஒட்டி வச்சீங்கன்னா சில்லு (வெட்டும்போது வர்ற இரும்புத் துண்டு, சுருள்) எல்லாம் அங்கயே சேர்ந்துடும்.

மாடி வேணாம். நாலரை அடி லேத்து நூத்துக்கணக்கான கிலோ வார்ப்பிரும்பு, நாலே நாலு காலுக்கு அடியில மொத்த எடையும் நிக்கும், அதிர்வு வேற வீடு முழுக்கப் போகும். தரையிலதான் வைக்கணும், அதுவும் கான்கிரீட் போட்டு நல்லா ஆறின தரை. டைல்ஸ் மேல வச்சா டைல்ஸ் வெடிக்கும்.

எங்க வூட்ல சிங்கிள் ஃபேஸ்தான் இருக்கு, லேத் ஓடுமா?

ஓடும். ஒரு ஹெச்.பி, ரெண்டு ஹெச்.பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் மாட்டி ஓட்டறவங்கதான் அதிகம். ஏற்கனவே த்ரீ ஃபேஸ் மோட்டாரோட வந்த மெஷினா இருந்தா வி.எஃப்.டி (சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸா மாத்திக் குடுக்கற பெட்டி) போடுங்க. 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் உள்ள போயி 230 வோல்ட் த்ரீ ஃபேஸா வெளிய வரும். ஆனா நம்ம ஊர்ல சின்ன மோட்டாருங்க 415 வோல்ட்டுக்கு ஸ்டார்ங்கற முறையில ஒயர் கட்டியிருக்கும், அதை டெர்மினல் பாக்ஸ்ல டெல்டாங்கற முறைக்கு மாத்தணும், அதுக்கு ஆறு ஒயரும் வெளிய வந்திருக்கணும். மூணு ஒயர்தான் வந்திருக்குன்னா ரீவைண்டிங் கடைக்காரர்கிட்ட சொல்லி பிரிச்சி எடுக்கணும். வி.எஃப்.டிக்கும் மோட்டாருக்கும் நடுவுல சுவிட்ச் வைக்காதீங்க, ஓடும்போது அதை ஆஃப் பண்ணினா வி.எஃப்.டி போயிடும்.

எர்த்து கண்டிப்பா வேணும், தனி குழி எடுத்து. லோடு ஏத்தறதுக்கு முன்னாடி இ.பி ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. வீட்டு கனெக்ஷன் சொந்த உபயோகத்துக்குத்தான், காசுக்கு ஜாப் எடுக்கப் போறீங்கன்னா வேற கனெக்ஷன் வாங்கணும்.

புது மினி லேத்தா, பழைய நம்ம ஊர் லேத்தா, எது நல்லது?

இடமும் தூக்க ஆளும் இருந்தா பழைய இந்திய லேத்துதான் என் ஓட்டு. கோயம்புத்தூர்ல செஞ்சது, ராஜ்கோட், பட்டாலாவுல செஞ்சது, எல்லாமே பழசு கிடைக்குது. ஹரிஹர்ல மைசூர் கிர்லோஸ்கர் செஞ்ச லேத்தோ ஹெச்.எம்.டியோ நல்ல நிலைமையில அகப்பட்டா யோசிக்காம எடுங்க, ஆனா அதெல்லாம் பெரிசு, ஷெட்டை அளந்துட்டுப் போங்க. மினி லேத்து சின்ன பித்தளை, அலுமினிய வேலைக்கு நல்லாத்தான் இருக்கு, இரும்புல ஆழமா கட் குடுத்தா நடுங்கும்.

பழசு வாங்கும்போது பெயிண்டைப் பாக்காதீங்க. என்னோட மொத லேத்தை பளபளன்னு பச்சை பெயிண்ட் அடிச்சி வித்தாரு ஒருத்தரு, வூட்டுக்கு வந்து பாத்தா சக்குக்கு (ராடைப் புடிச்சி சுத்தற பாகம்) பக்கத்துல பெட் (அடியில இருக்கற நீளமான தளம்) குழிஞ்சிப் போயிருந்துச்சி, நான் வச்ச பணம் மூணு வருஷ சேமிப்பு. அன்னிக்கி எனக்கு இந்த டெஸ்ட் தெரியல: கேரேஜை (டூலைச் சுமந்துக்கிட்டு பெட் மேல நகர்ற பாகம்) சக்கு பக்கத்துல கொண்டு வந்து அது கொஞ்சம் இறுக்கமா நகர்ற அளவுக்கு லாக்கை டைட் பண்ணுங்க, அப்படியே டெயில் ஸ்டாக் (சக்குக்கு எதிர்முனையில இருக்கற தாங்கி) பக்கம் உருட்டுங்க. போகப் போக இறுகி நின்னுட்டா சக்கு பக்கம் பெட் தேஞ்சிருக்கு. அடுத்தது ஸ்பிண்டில்ல (சக்கை சுத்தற தண்டு) டயல் (முள்ளு வச்ச அளவுக்கருவி) வச்சி கையால சுத்துங்க, 0.01, 0.02 எம்எம் வரைக்கும் ஆடலாம். கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்க நகர்த்தற பாகம்) ஹேண்டில்ல பிளே (தளர்வு) இருந்தா பயப்பட வேணாம், அது இல்லாத பழைய மெஷினே கிடையாது.

லேத் வந்து இறங்கிடுச்சி, அப்படியே ஓட்டலாமா, லெவல் பாக்கணுமா?

பாக்கணும். லெவல்னு சொல்றோமே தவிர நிஜத்துல பாக்கறது பெட்டு முறுக்கி இருக்கான்னுதான். கட்டட வேலை மட்டப்பலகை இதுக்குப் போதாது. நல்ல மெஷின் லெவல் கடன் வாங்க முடியலன்னா கடைஞ்சே பாத்துடலாம்: முப்பது எம்எம் ராடை சக்குல புடிச்சி நூத்தம்பது எம்எம் வெளிய நீட்டி, டெயில் ஸ்டாக் சப்போர்ட் இல்லாம, சக்கு பக்கம் ஒரு பட்டை, நுனியில ஒரு பட்டை மட்டும் விட்டு நடுவுல கம்மி பண்ணிடுங்க. கடைசியா ஒரே செட்டிங்ல ரெண்டு பட்டையிலயும் மெல்லிசா ஒரு கட். ரெண்டையும் மைக்ரோமீட்டர்ல அளங்க. வித்தியாசம் இருந்தா டெயில் ஸ்டாக் பக்கத்து காலுக்கு அடியில ஷிம் தகடு வச்சி மறுபடி கட் போடுங்க. சிகரெட் பேப்பர் அளவு தகடுக்கே சைஸ் மாறறதைப் பாப்பீங்க, அவ்ளோ பெரிய இரும்பு அவ்ளோ சின்ன விஷயத்துக்கு முறுக்குது.

கைக்கு கிளவுஸ் போட்டுக்கலாமா?

போடவே கூடாது. லேத்துலயும் சரி, டிரில்லிங் மெஷின்லயும் சரி, சுத்தற எதுகிட்டயும் கிளவுஸ் வேணாம், நூல் மாட்டினா கையோட இழுத்துக்கும். முழுக்கை சட்டை, லுங்கி, தோள்ல துண்டு, கழுத்துல செயின், விரல்ல மோதிரம், எல்லாம் ஷெட்டுக்கு வெளிய. நீளமான முடின்னா கட்டி உள்ள சொருகிக்கணும். சில்லை கையால இழுக்காதீங்க, ஒரு கம்பியை வளைச்சி கொக்கி செஞ்சி வச்சிக்கோங்க, அதான் உங்க மொத ஜாப்.

சக் கீ (சக்கை இறுக்கற சாவி) விஷயத்துல ஒரே பழக்கம்: கீ சக்குல இருக்கற வரைக்கும் கை கீயை விடக்கூடாது. போன் வந்தாலும், யாராவது கூப்பிட்டாலும், கீயை எடுத்து அதோட இடத்துல வச்சிட்டுத்தான் திரும்பணும். கண்ணாடி எப்பவும் போட்டிருங்க. கண்ணுல சில்லு பட்டா தேய்க்காதீங்க, வாயால ஊதி, துணி முனையால எடுக்கறேன்னு எவனையும் விடாதீங்க, நேரா கண் டாக்டர். நான் ஒரு தடவை தேய்ச்சேன், கருவிழியில கீறலாகி ரெண்டு வாரம் கட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

எந்த இரும்பு வாங்கறது? பழைய இரும்புக் கடையில கிலோ கணக்குல எடுத்தா போதாதா?

கத்துக்கும்போது வேணாம். கட்டடக் கம்பி துண்டை வச்சி கடையறவங்கதான் "பினிஷ் வரல, என் கை சரியில்ல"ன்னு புலம்பறாங்க. அந்தக் கம்பி மேல ஒரு மாதிரி உள்ள ஒரு மாதிரி இருக்கும், கிழிஞ்ச மாதிரிதான் வரும். இ.என்1ஏ (சுலபமா வெட்டற ஒரு இரும்பு ரகம்) பிரைட் பார் வாங்கிப் பாருங்க, வெண்ணெய் மாதிரி வெட்டும். அதுக்கப்புறம் சாதா எம்.எஸ், பலம் வேணும்ங்கற ஷாஃப்ட்டுக்கு இ.என்8, அதுக்கும் மேல இ.என்24.

கை பழகினப்புறம் பழைய இரும்புக் கடை ஒரு பொக்கிஷம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு தோல் தொழிற்சாலை மெஷினுங்க உடைச்சது வரும், பழைய ஷாஃப்ட்டு, ரோலர் எல்லாம் நல்ல சரக்கா இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு அரத்தால கீறிப் பாருங்க, அரம் வழுக்கிட்டுப் போச்சின்னா அது கெட்டிப்படுத்தினது, உங்க டூல் தாங்காது.

ஸ்பீடு எவ்ளோ வைக்கணும்? எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

ஒவ்வொருத்தர் ஜாப்பும் (கடையற பொருள்) வேற சைஸு, அதான். ஹெச்.எஸ்.எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலுக்கு எம்.எஸ்ல நிமிஷத்துக்கு 25 மீட்டர்னு வச்சிக்கோங்க. அதை ஆயிரத்தால பெருக்கி, விட்டத்தை 3.14ஆல பெருக்கி வர்றதால வகுத்துடுங்க. 25 எம்எம் ராடுன்னா 25,000 வகுத்தல் 78.5, சுமார் 318 ஆர்.பி.எம். உங்க மெஷின்ல அதுக்குக் கீழ இருக்கற ஸ்பீடை எடுங்க. 12 எம்எம் ராடுன்னா ரெண்டு மடங்கு. பித்தளைக்கு இதைவிட டபுள் போகலாம், அலுமினியத்துக்கு அதுக்கும் மேல. சில்லு நீலமா வந்தா ஹெச்.எஸ்.எஸ் டூலுக்கு அது ஜாஸ்தி, ஸ்பீடைக் குறைங்க.

டூல் சாணை புடிக்க வரமாட்டேங்குது. கார்பைடு இன்சர்ட் வாங்கி மாட்டிக்கிட்டா போதாதா?

கார்பைடு (ஸ்டீலைவிட ரொம்பக் கெட்டியான டூல் முனை) நல்ல பொருள்தான், ஆனா அதுக்கு நூறு மீட்டருக்கு மேல ஸ்பீடு வேணும். மேல சொன்ன கணக்குல 25 எம்எம் ராடுக்கு 1,270 ஆர்.பி.எம் ஆகுது, பழைய லேத்து நிறைய அவ்ளோ வேகம் சுத்தாது, சுத்தினாலும் ரெண்டு ஹெச்.பி மோட்டார் இழுக்காது. குறைஞ்ச வேகத்துல கார்பைடு உலோகத்தைத் தேய்க்கும், முனை சில்லு சில்லா உதிரும்.

ஹெச்.எஸ்.எஸ் பிட் ஒண்ணு வாங்கினா ரெண்டு வருஷம் வரும். வெள்ளை இல்லன்னா சாம்பல் கலர் அலுமினியம் ஆக்சைடு வீல்ல புடிங்க, பச்சை வீல் கார்பைடுக்கு. முன்பக்கமும் பக்கவாட்டுலயும் 8ல இருந்து 10 டிகிரி கீழ சாய்வா, மேல எம்.எஸ்ஸுக்கு ஒரு 12, 15 டிகிரி ரேக் (மேல்முகச் சாய்வு). பித்தளைக்கு மேல ரேக்கே வேணாம், தட்டையா விடுங்க, இல்லன்னா டூல் தானா உள்ள இழுத்துக்கிட்டுப் போயிடும். மொத பத்து தடவை எம்.எஸ் சதுரக் கம்பியில பழகுங்க, பிட் வீணாகாது. முடிச்சதும் எண்ணெய்க் கல்லுல முனையை நாலு தேய்ப்பு, அந்த நாலு தேய்ப்புலதான் பினிஷ் இருக்கு.

கட் போடும்போது கீச்சுனு கத்துது, மேல அலை அலையா வருது. மெஷின் கோளாறா?

பாதி நேரம் மெஷின் இல்ல. டூல் ஹோல்டர்ல இருந்து எவ்ளோ நீட்டிக்கிட்டு இருக்குன்னு பாருங்க, பிட்டோட கனத்தைவிட ஒண்ணரை மடங்குக்கு மேல வேணாம். டூல் முனை சென்டர் உசரத்துல இருக்கான்னு பாருங்க, டெயில் ஸ்டாக் சென்டர் முனைக்கு நேரா வச்சாலே தெரிஞ்சிடும். ஜாப்பு அதோட விட்டத்தைப் போல மூணு நாலு மடங்குக்கு மேல நீட்டியிருந்தா டெயில் சென்டர் குடுங்க. இதெல்லாம் சரின்னா ஸ்பீடைக் குறைச்சி ஃபீடை (டூல் நகர்ற வேகம்) கூட்டுங்க. பயத்துல ஃபீடைக் குறைக்கறாங்க எல்லாரும், குறைச்சா இன்னும் கத்தும், ஏன்னா டூல் வெட்டாம தேய்க்குது. கடைசியா ஸ்லைடு ஜிப்பை (தளர்வைச் சரி பண்ற பட்டை) லேசா டைட் வைங்க.

நேத்து சைஸ் கரெக்டா இருந்துச்சி, இன்னிக்கி பாத்தா கம்மி. மைக்ரோமீட்டர் கெட்டுப்போச்சா?

மைக்ரோமீட்டர் சொன்னது உண்மை, நேத்தும் உண்மை, இன்னிக்கும் உண்மை. நேத்து ஜாப்பு சூடா இருந்துச்சி.

இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு கிட்டத்தட்ட 12 மைக்ரான் நீளும். 50 எம்எம் ஜாப்பு கடையும்போது 60 டிகிரி ஏறினா 0.036 எம்எம் பெருத்திருக்கும். பித்தளை, கன் மெட்டல் (ஒரு செம்புக் கலவை) இன்னும் அதிகம், அலுமினியம் இரும்பைப் போல ரெண்டு மடங்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு மாவு மில்லுக்கு கன் மெட்டல் புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்கற குழாய்) ஒண்ணு கடைஞ்சேன், வெளிவிட்டம் 40. மே மாசம், அவசரம், கூலன்ட் (சூட்டைக் குறைக்க ஊத்தற திரவம்) இல்லாம ஒரே மூச்சுல எடுத்தேன், மைக்ரோமீட்டர்ல 40.03, அடிச்சி ஏத்தற ஃபிட்டுக்கு அழகான சைஸுன்னு கழட்டி வச்சிட்டேன். காலையில மில்லுல ஹவுசிங்ல (புஷ் உக்கார்ற ஓட்டை) வச்சா சுத்தியலே வேணாம், விரலால தள்ளினதும் உள்ள போயி அந்தப் பக்கம் வெளிய வந்துடுச்சி. புது கட்டை வாங்கி மறுபடி கடைஞ்சேன், அன்னிக்கி முழுக்க மில்லு நின்னுச்சி, அரிசியோட வந்தவங்க திரும்பிப் போனாங்க.

அளவுக்கருவி எல்லாம் 20 டிகிரிக்கு செட் பண்ணது. வேலூர் வெயில்ல 20 டிகிரிக்கு எங்க போறது? போக வேணாம், ஜாப்பும் மைக்ரோமீட்டரும் ஒரே சூட்டுல இருந்தா போதும், ரெண்டும் இரும்புன்னா ரெண்டும் சேர்ந்து நீளும், தப்பு அடிபட்டுப் போகும். கடைசி கட்டுக்கு முன்னாடி நிறுத்தி ஜாப்பைக் கையால தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருந்தாக்கூட காத்திருங்க. நான் ஒரு டீ குடிச்சிட்டு வருவேன். மைக்ரோமீட்டரை சட்டைப் பாக்கெட்ல வைக்காதீங்க, ஜன்னல் வெயில்லயும் வைக்காதீங்க.

கன் மெட்டல்னா துப்பாக்கி செய்ற மெட்டலா? போலீஸ் கேக்க மாட்டாங்களா?

மாட்டாங்க, தாராளமா வாங்கலாம். அந்தக் காலத்துல பீரங்கி வார்க்க இதை உபயோகிச்சாங்க, அந்தப் பேரு ஒட்டிக்கிச்சி. பழைய கணக்கு செம்பு 88, காரீயம் இல்ல, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2. இப்ப கடையில கிடைக்கறதுல நிறைய, செம்பு 85, மத்த மூணும் ஆளுக்கு அஞ்சுன்னு காரீயமும் சேர்த்தது. பம்புசெட் புஷ், வால்வு, கியர்னு நம்ம ஊர் முழுக்க இதுதான் ஓடுது. ஷாஃப்ட்டை அரிக்காது, துரு புடிக்காது, கடையவும் சுலபம்.

ஃபோர் ஜா சக்கு பாத்தாலே பயமா இருக்கு. த்ரீ ஜா வச்சே ஓட்டிடலாமா?

த்ரீ ஜா (மூணு தாடையும் சேர்ந்து நகர்ற சக்கு) சட்டுனு புடிக்கும், ஆனா பழசாச்சின்னா 0.1 எம்எம் வரைக்கும் அவுட் அடிக்கும் (நடுவுல நிக்காது). ஒரு தடவை கழட்டி திருப்பி மாட்டணும்ங்கற ஜாப்புக்கு ஃபோர் ஜாதான், அதுல நாலு தாடையும் தனித்தனியா நகரும்.

பயம் எங்க வருதுன்னா நாலு தாடையையும் ஒரே நேரத்துல யோசிக்கறீங்க. எதிரும் புதிருமா இருக்கற ரெண்டை மட்டும் யோசிங்க. சக்கு முகத்துல இருக்கற வட்டக் கோடுகளைப் பாத்து ஜாப்பைக் கண் அளவுல நடுவுல புடிங்க. டயலை ஜாப்பு மேல வச்சி கையால சுத்தி, ஒண்ணாம் தாடைகிட்ட எவ்ளோ, எதிர்ல மூணாம் தாடைகிட்ட எவ்ளோன்னு பாருங்க. வித்தியாசம் 0.40ன்னா உயரமா காட்டற பக்கம் உள்ள தள்ளணும், வித்தியாசத்துல பாதி, 0.20. எதிர்த் தாடையைக் கொஞ்சம் தளர்த்தி இதை இறுக்கணும், முள்ளு பாதி தூரம் வந்ததும் நிறுத்திடணும். அப்புறம் ரெண்டும் நாலும். ரெண்டு சுத்து வந்தா 0.05க்குள்ள வந்துடும், அதுக்கப்புறம் எதையும் தளர்த்தாதீங்க, இறுக்கி இறுக்கியே 0.01க்குக் கொண்டு வாங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம், தினம் ஒரு ராடு, ஒரு வாரத்துல மூணு நிமிஷ வேலை ஆயிடும்.

என் லேத்துல லீட் ஸ்குரூ (மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தற திருகு) இன்ச்சு. எம்எம் மரை வெட்ட முடியுமா?

127 பல்லு கியர் இருந்தா சுத்தமா வெட்டலாம். ஒரு இன்ச் 25.4 எம்எம், அதை அஞ்சால பெருக்கினா 127, அதான் அந்த விசித்திரமான எண்ணு. ஆனா இன்ச் லீட் ஸ்குரூல எம்எம் மரை வெட்டும்போது ஹாஃப் நட்டை (கேரேஜை லீட் ஸ்குரூவோட பூட்டற நட்டு) திறக்கவே கூடாது. ஒவ்வொரு கட் முடிஞ்சதும் டூலைப் பின்னுக்கு இழுத்துட்டு மோட்டாரை ரிவர்ஸ்ல ஓட்டித்தான் ஆரம்பத்துக்கு வரணும். திறந்துட்டு மறுபடி போட்டா வேற பள்ளத்துல இறங்கி மரை சிதைஞ்சிடும்.

சின்ன மரைக்கெல்லாம் லேத்து வேணாம், டேப்பு (ஓட்டைக்குள்ள கையால மரை வெட்டற கருவி) போதும். எம்6க்கு (6 எம்எம் மரைக்கு) 5 எம்எம் ஓட்டை, எம்8க்கு 6.8, எம்10க்கு 8.5. முக்கால் சுத்து முன்ன, கால் சுத்து பின்ன, எண்ணெய் விட்டு. டேப் உடையறது எப்பவும் அவசரத்துலயும் சாய்வுலயும்தான்.

லாரி பட்டை இரும்புல உளி செஞ்சேன், ஒரே அடியில முனை உடைஞ்சிடுச்சி. ஏன்?

தண்ணியில தோய்ச்சீங்களா? அதான். ஸ்பிரிங் பட்டை தண்ணியில வெடிக்கும், எண்ணெயில தோய்க்கணும். நிழல்ல வச்சி சூடு காட்டுங்க, வெயில்ல நிறம் தெரியாது. காந்தம் ஒட்டாம விடற நேரம் வரும், அதுக்குக் கொஞ்சம் மேல, முனையில ரெண்டு இன்ச் மட்டும் செக்கச்செவேல்னு ஆனதும் எண்ணெயில நேரா இறக்குங்க. எண்ணெய் பத்திக்கலாம், அதனால இரும்பு டப்பா, பக்கத்துல மூடி, ஷெட்டுக்கு வெளிய.

இதோட நிறுத்தினீங்கன்னா அது கண்ணாடி மாதிரி, உடையும். முனையை உப்புத்தாளால பளபளன்னு தேய்ச்சிட்டு பின்பக்கத்துல இருந்து மெதுவா சூடு ஏத்துங்க. நிறம் ஓடி வர்றதைப் பாக்கலாம், மொதல்ல வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் ஊதா, அப்புறம் நீலம். உளிக்கு முனையில ஊதா வந்து நீலமாகப் போற நேரத்துல நிறுத்திடணும். சுத்தியல் அடி வாங்கற தலைப்பக்கத்தைக் கெட்டிப்படுத்தவே கூடாது, சிதறி மூஞ்சில அடிக்கும்.

பழைய கருவிங்க மேல கருநீலமா ஒரு கலர் இருக்கே, அது பெயிண்டா?

இல்ல, அதுவும் ஒரு வகைத் துருதான். துப்பாக்கி வேலைக்காரங்க கண்டுபுடிச்சி வளர்த்த கலைங்க இது. சிவப்புத் துரு இரும்பைத் தின்னும், கறுப்புத் துரு ஒட்டிக்கிட்டு எண்ணெயைப் புடிச்சி வச்சிக்கும். பொருளை சோப்புத் தண்ணியில எண்ணெய்ப் பிசுக்கே இல்லாம கழுவி, விரல் படாம, ஈரமான இடத்துல தொங்க விட்டு மெல்லிசா சிவப்பு ஏற விடுங்க. அப்புறம் நல்ல தண்ணியில ஒரு இருபது நிமிஷம் கொதிக்க வைங்க, கண்ணு முன்னாடியே சிவப்பு கறுப்பா மாறும். மேல உதிர்ற பொடியை மெல்லிய ஸ்டீல் உல்லால தடவி எடுத்துட்டு மறுபடி மொதல்ல இருந்து. அஞ்சாறு தடவைக்கு அப்புறம் வர்ற கறுப்பு எந்த பெயிண்டுலயும் வராது. என் ட்ரை ஸ்கொயர் கட்டை, சென்டர் பஞ்ச், டேப் ஹேண்டில் எல்லாமே இப்படிச் செஞ்சதுதான்.

அமெரிக்காவுல வூட்டு ஷெட்லயே துப்பாக்கி செய்றாங்களே, நாம ஏன் செய்யக்கூடாது?

அங்க 1968 சட்டப்படி, தடை இல்லாத ஆளு சொந்த உபயோகத்துக்கு, விக்கறதுக்கு இல்லாம, செஞ்சிக்கறதுக்கு மத்திய அரசு லைசென்ஸ் கேக்கறதில்ல, மாநிலத்துக்கு மாநிலம் வேற சட்டமும் இருக்கு. அது அவங்க ஊர். நம்ம ஊர்ல 1959 ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவு: லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி செய்யவோ, மாத்தவோ, ரிப்பேர் பண்ணவோ, விக்கவோ கூடாது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் தண்டனை குறைஞ்சது ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள்.

எங்கிட்ட இதைக் கேக்கற பசங்க கெட்டவங்க இல்ல, வீடியோல அந்த வேலை நுணுக்கத்தைப் பாத்து ஆசைப்படறாங்க, எனக்கும் புரியுது. அந்த நுணுக்கம் ராவறதுலயும், டயல் பாக்கறதுலயும், மேல சொன்ன கறுப்புலயும் இருக்கு. அதே கையால ஒரு சின்ன ஸ்டீம் இன்ஜின் செய்ங்க. பிஸ்டன் சிலிண்டர்ல விரல் வச்சி மூடினா காத்து புடிச்சி நிக்கற அளவுக்கு ஃபிட் கொண்டு வந்து பாருங்க, அதைவிடக் கஷ்டமான வேலை எதுவும் இல்ல.

முழுசா வேணாம்ணா, ஒரு பின்னு, ஒரு ஸ்பிரிங்கு மட்டும் செஞ்சிக் குடுத்தா?

அதுவும் குத்தம்தான். சட்டத்துல ஆயுதம்ங்கற சொல்லுக்குள்ளயே அதோட பாகமும், அதைச் செய்யற மெஷினும் வருது. ரிப்பேரும் வருதுன்னு மேலயே சொல்லிட்டேன். ஜவ்வாது மலைப் பக்கத்துல இருந்து நாட்டுத் துப்பாக்கிக்கு "சும்மா ஒரு சின்ன வேலை"ன்னு யாராவது வந்தா, எவ்ளோ வேண்டியவங்களா இருந்தாலும், பொருளை ஷெட்டுக்குள்ளயே கொண்டு வர விடாதீங்க. லேத்து, ஷெட்டு, உங்க பேரு மூணும் போயிடும், வூட்ல இருக்கறவங்க கோர்ட்டுக்கு அலைவாங்க.

எங்க தாத்தாவோட பழைய துப்பாக்கி பரண்ல இருக்கு, துரு எடுத்து சுவத்துல மாட்டலாமா?

தொடாதீங்க. லைசென்ஸ் தாத்தா பேர்ல இருந்திருந்தா அவரோட அது முடிஞ்சிடுச்சி, இப்ப அது உங்க கையில இருக்கறதே தப்பு. சட்டத்துல 21ஆம் பிரிவு இதுக்குத்தான் இருக்கு, பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் இருக்கற டீலர்கிட்டயோ ஒப்படைச்சி ரசீது வாங்கணும். வாரிசா வச்சிக்க விரும்பினா ஒப்படைச்ச பிறகு லைசென்ஸுக்கு மனு குடுங்க. மொதல்ல ஒரு வக்கீலைப் பாத்துட்டுப் போங்க, நல்ல மனசோட போறவங்களுக்கும் கேள்வி வரும்.

பக்கத்து வூட்டுக்காரங்க சத்தம்னு சண்டைக்கு வர்றாங்க, இன்னா பண்றது?

ராத்திரி பத்துல இருந்து காலையில ஆறு வரைக்கும் மெஷின் வேணாம். குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45ன்னு 2000ஆம் வருஷ விதி இருக்கு. லேத்து பெரிசா சத்தம் போடாது, ஆங்கிள் கிரைண்டரும் சுத்தியலும்தான். அதை மதியத்துக்கு வச்சிக்கோங்க. அவங்க வூட்டு கேட்டு கீல், கிரைண்டர் ஷாஃப்ட்டு ஏதாவது போச்சின்னா காசு வாங்காம செஞ்சிக் குடுங்க, எங்க தெருவுல எனக்கு அப்படித்தான் சரியாச்சி.

ஐப்பசி மழையில பெட்டெல்லாம் துரு புடிச்சிடுது.

வேலை முடிச்சதும் துடைச்சி ஸ்லைடுவே எண்ணெய் 68 கிரேடு மெல்லிசா தடவுங்க. வண்டியில இருந்து வடிச்ச பழைய இன்ஜின் ஆயில் வேணாம், அதுல இருக்கற கார்பனும் இரும்புத் தூளும் உப்புத்தாள் மாதிரி பெட்டைத் தேய்க்கும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீங்க, உள்ள வேர்க்கும். பழைய வேட்டியை எண்ணெயில நனைச்சிப் பிழிஞ்சி மேல போடுங்க. தண்ணி கலந்த கூலன்ட் உபயோகிச்சா அன்னிக்கே ஸ்லைடை நகர்த்தி அடியில துடைங்க.

என் பொண்ணுக்குப் பன்னெண்டு வயசு, கூடவே வந்து நிக்குது. கத்துக் குடுக்கலாமா?

லேத்து இன்னும் கொஞ்ச வருஷம் போகட்டும். அதோட உசரத்துக்கு வைஸை இறக்கி மாட்டுங்க, முழங்கை அளவுக்கு வரணும். கண்ணாடி போட்டு விடுங்க, ஒரு ஸ்மூத் அரத்தையும் அந்த 50க்கு 50 தகட்டையும் குடுங்க. என் அண்ணன் பொண்ணு அப்படித்தான் ஆரம்பிச்சிது. மூணாவது நாளே ட்ரை ஸ்கொயரை ஜன்னலுக்கு நேரா புடிச்சிக்கிட்டு "சித்தப்பா, இந்த ஓரத்துல இன்னும் தெரியுது"ன்னு சொல்லுச்சி. நான் வாங்கிப் பாத்தேன், எனக்குத் தெரியல. கண்ணாடியைத் துடைச்சிட்டு மறுபடி பாத்தேன், தெரிஞ்சிது.